எதிர்காலத் தேவை: இல்லை

இருதயராஜின் வருநோய்த்தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. எதிர்காலத் தேவை: இல்லை.

திண்டுக்கல் நலத்தேர்வு மையத்தில் அன்று கடைசி நாள். அறுபத்தைந்து வயது முடிந்தவர்கள் மாலை ஐந்து மணிக்குள் தங்கள் காப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். மாற்ற முடியாது. தினை, வரகு, நெல் என்று மூன்று திட்டங்கள். தினை சிறியது, நெல் பெரியது. எந்தத் திட்டத்தில் எந்த மருத்துவர் இருக்கிறாரோ அவரிடம் மட்டும்தான் போகலாம். வேறு மருத்துவர் நாடி பிடித்தாலும் அவருடைய உரிமம் போய்விடும்.

தேர்ந்தெடுக்க உதவுவது வருநோய்க்காட்டி. ஆளை ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, சொட்டு ரத்தம் எடுத்து, நாலு கேள்வி கேட்டுவிட்டு, இனி சாகும்வரை அவருக்கு என்னென்ன சிகிச்சை தேவைப்படும் என்று ஆண்டுவாரியாகத் தாளில் அச்சடித்துத் தரும். எந்தத் திட்டம் போதும் என்று பரிந்துரையும் செய்யும். சாகும் நாளை மட்டும் சொல்லாது. சொல்லக் கூடாது என்று சட்டம்.

"இங்க குடு மாப்ள" என்று தாளைப் பிடுங்கினார் பழனிக்குமார். இருவரும் முப்பது வருடம் ஒரே பணிமனையில் பஸ் ஓட்டியவர்கள். பழனிக்குமாரின் தாள் முழங்கை நீளம் இருந்தது. நாலாம் ஆண்டு சிறுநீரகம், ஏழாம் ஆண்டு கண், பத்தாம் ஆண்டு வலது முழங்கால், பதினோராம் ஆண்டு இடது.

"ஒண்ணுமே இல்லையா? உனக்கா? டிப்போவுல பாதி பீடியை நீதானடா ஊதித் தள்ளுன!"

"உடம்பு வாகு அப்படி."

"வாகா? மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

செய்தி வரிசையில் பரவியது. எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் தன் கணவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இவரு ஒரு தடவ தொட்டுக்கிறட்டும்" என்றாள். அந்த மனிதர் கூச்சத்தோடு தாளை ஒரு விரலால் தொட்டார். அவருக்கு இன்னும் குழாய்க்குள் போகும் முறை வரவில்லை.

இருதயராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை. தினைத் திட்டமே போதும் என்று கருவி சொல்லிவிட்டது. அதில் டாக்டர் மெஹருன்னிசாவும் இருந்தார். இருதயராஜுக்கு அதுதான் முக்கியம். நாகல்நகர்ப் பக்கம் அந்த அம்மாவைக் கைராசி டாக்டர் என்பார்கள். இருபது வருடமாக இருதயராஜ் வேறு எவரிடமும் உடம்பைக் காட்டியதில்லை.

மருத்துவர் பெயருக்கு நேரே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஏழு மாதம்.

டாக்டரம்மாவுக்கு இன்னும் ஏழு மாதம்தானா? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எங்கடா போற? கையெழுத்துப் போடலயா?"

"மூணரைதான் ஆகுது. வந்துர்றேன், இடத்தப் பாத்துக்க."

டாக்டர் மெஹருன்னிசாவுக்கு ஐம்பது வயதுதான். ஆஸ்பத்திரியில் ஆள் அதிகம் இல்லை. இருதயராஜ் உட்கார்ந்து, எழுந்து, திரும்ப உட்கார்ந்தார்.

"என்ன செய்யுது அண்ணே?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நீங்க எப்படி இருக்கீங்க? சாப்பாடெல்லாம் சரியா இறங்குதா?"

"என்னையவா கேக்குறீங்க?"

"நீங்களும் ஒருக்கா அந்தக் குழாய்க்குள்ள படுத்துப் பாருங்களேன். வெளியூருக்கு மாறிப் போறதுன்னாலும் சொல்லிருங்க. மனசு கேக்கல, அதான்."

மருத்துவர் கையை நீட்டினார். இருதயராஜ் தயங்கித் தயங்கித் தாளைக் கொடுத்தார். பொடி எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த ஒற்றை வரியைப் பார்த்தார். தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"காலையிலருந்து என் பேரு போட்ட தாளு எட்டு பாத்துட்டேன். ஒண்ணுல பதினெட்டு வருஷம், ஒண்ணுல இருபத்திரண்டு. ஏழு மாசம்னு இதுல மட்டும்தான் இருக்கு."

"அப்ப மிஷினு தப்பா அடிச்சிருக்கு."

சுவரிலிருந்த மின்விசிறி கழுத்தை ஒரு முறை முழுதாகத் திருப்பியது. அது திரும்பி வருவதற்குள் இருதயராஜுக்குப் புரிந்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு மருத்துவர் இருப்பார். அவரைத் தேடி வர இருதயராஜ் இருக்கமாட்டார்.

"சட்டையைத் தூக்கிட்டுப் படுங்க" என்றார் மருத்துவர். "மிஷினு கேள்வி கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"முதுகுலயும் வயித்துலயும் அப்பப்ப பிடிக்குதுன்னேன். வாயுதான்னும் சொன்னேன். பெருங்காயம் போட்டு மோர் குடிச்சா விட்டுரும்."

வருநோய்க்காட்டிக்கு வட்டாரப் பேச்சு தெரியும். வாயு என்று சொல்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மருத்துவரிடம் போவதில்லை என்பதும் தெரியும். புகார் இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தது.

மெஹருன்னிசா இரண்டு உள்ளங்கைகளையும் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டார். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்கள் ஊரில் குறைந்துபோயிருந்தார்கள். இவர் அந்த வழக்கத்தை விடவில்லை. தொப்புளுக்குச் சற்று மேலே கையை வைத்து மெல்ல அழுத்தினார். நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு இருதயராஜின் கையையே எடுத்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே ஏதோ ஒன்று, எலுமிச்சையைவிடப் பெரியது, துடித்துத் துடித்து விரல்களைத் தள்ளியது.

"பெரிய ரத்தக்குழாய் அண்ணே. பலூன் மாதிரி உப்பியிருக்கு. ஒருநாள் வெடிக்கும்."

"இது மிஷினுக்குத் தெரியலயா?"

"நல்லாத் தெரியும். வெடிச்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். ஊசி இல்ல, மருந்து இல்ல, கட்டில் இல்ல. அது கணக்குப் போடுறது நோயை இல்ல, சிகிச்சையை. உங்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. அதான் இல்லைன்னு அடிச்சிருக்கு. பொய் சொல்லல."

இருதயராஜ் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வெடிக்குமுன்ன ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஆபரேஷன் பண்ணிக் குழாய் வைக்கலாம். நெல் திட்டத்துல இருக்கு. தினையில கிடையாது." மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் பாத்ததை இப்பவே ஏத்திவிடுறேன். நீங்க போய், ஆபரேஷன் பண்ணிக்கிறதா வச்சு மறுகணிப்புக் கேளுங்க. அஞ்சு மணிக்குள்ள நெல்லுல கையெழுத்துப் போட்டுருங்க."

"நெல்லுல நீங்க இருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் நான் எங்க போவேன்?"

"எனக்கென்ன தெரியும்? யாராவது ஒரு சின்னப் புள்ள உக்காந்திருக்கும். திரையைப் பாத்துத்தான் பேசும். பழகிக்கங்க. கெளம்புங்க அண்ணே, நேரமாகுது."

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, "கைராசின்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். மருத்துவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மையத்துக்கு வந்து சேரும்போது நாலேமுக்கால். மறுகணிப்புக்கு மறுபடியும் குழாய்க்குள் படுக்கத் தேவைப்படவில்லை. பெயரைச் சொன்னதும் தாள் வந்தது, வந்துகொண்டே இருந்தது. முதல் ஆண்டு ரத்தக்குழாய் ஆபரேஷன். ஆறாம் ஆண்டு கண்புரை. ஒன்பதில் இடுப்பெலும்பு முறிவு. பதினான்கில் சிறுநீரகம். இருபத்து மூன்றில் மறதி நோய்.

அவர் நெல்லைத் தொட்டதும் திரை, அந்த முதல் தாளை வைத்தே, பணிவாகக் கேட்டது. "தினைத் திட்டத்தில் உங்கள் தேவைகள் முழுமையாக நிறைவேறும். சந்தாவும் மிகக் குறைவு. உங்கள் மருத்துவரும் அதில் இருக்கிறார். அவசியம் மாற்ற வேண்டுமா?"

ஆம் என்று அழுத்தினார். அது மறுபடியும் கேட்டது. அதே சொற்கள், அதே பணிவு. மூன்றாம் முறை கேட்டபோது கட்டைவிரல் வலிக்கும் அளவுக்கு அழுத்தினார்.

பழனிக்குமார் தாளை எடுத்துப் படித்தார். உதடுகள் அசைந்தன. கடைசி வரிக்கு வந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"என்ன மாப்ள இது? ஒரு மணி நேரத்துல இவ்வளவும் வந்துருச்சா? மறதி வேற போட்டிருக்கான். என்னையவே யாருன்னு கேப்பியேடா."

"இருபத்து மூணு வருஷம் கழிச்சுத்தானடா கேப்பேன்" என்றார் இருதயராஜ். சிரிப்பு வந்தது. பழனிக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுத்தவர்கள் படத்தை அழித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் மண்டபத்தின் மறுகோடியில் கூச்சல் எழுந்தது. கூட்டம் அங்கே ஓடியது. மஞ்சள் சேலைப் பெண் ஒற்றை வரி மட்டும் இருந்த கணவரின் தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கணவர் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இருதயராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். அவர் கையிலிருந்த நீளத் தாளைக் கண்டதும் அவள் தன் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டாச்சாம்மா?"

"இனிமேத்தான். ஏன் கேக்குறீங்க?"

"நான் தொடல. டாக்டர் பேருக்கு நேரா பொடியா ஒண்ணு எழுதியிருக்கும். அத மட்டும் படி."

அவள் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"மூணு மாசம்னு இருக்கு" என்றாள். பிறகு அவள் முகம் வாடியது. "அய்யோ பாவம், அந்த டாக்டருக்கு என்ன சீக்கோ."

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.