மூடி போட்டு எடுத்த படங்கள்

மூடி போட்டு எடுத்த படம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். கௌசல்யாவின் திரையில் வந்து விழுந்தது முழுக் கறுப்பாக இல்லை.

கண் எரிச்சல் என்றுதான் முதலில் நினைத்தாள். காலையிலிருந்து ஒரு கல்யாண ஆல்பத்துக்காக முந்நூறு முகங்களின் பருவையும் வியர்வையையும் துடைத்து முடித்திருந்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை கம்பி இழுத்துக் கட்டியதுபோல வலித்தது. அதற்குப் பிறகுதான் பரணியின் வேலையைக் கையில் எடுத்தாள். அவள் புருஷன் பரணி மண்டபம் மண்டபமாகப் படம் எடுத்து அலுத்தவன். அமாவாசை வந்தால் மட்டும் சின்னாளப்பட்டிக்குக் கிழக்கே, சிறுமலை தெரிகிற ஒரு சம்பங்கித் தோட்டத்துக்குப் போய் வானத்தை எடுப்பான். அந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பால்வெளியைத் துலக்கிக் கொடுப்பது இவள். நேற்று ராத்திரியும் போனான். விடிகிற நேரத்தில் வந்து உள்ளறையில் படுத்தவன், மணி இரவு எட்டரை ஆகியும் எழவில்லை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது சுவரைப் பார்த்தபடியே, "செத்த நேரம், கௌசி," என்றான். அவ்வளவுதான்.

நெடுநேரம் திறந்திருக்கும் கேமரா சூடேறி, தானே சில பொய்ப் புள்ளிகளைப் படத்தில் போட்டுவிடும். அவற்றைக் கண்டுபிடித்து நீக்க, லென்ஸை மூடி இருட்டையே கொஞ்சம் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பரணி அதை மறந்து வந்திருந்தான். அவளே மூடியை மாட்டி, கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, அரை நிமிடத்துக்கு ஒன்றாக ஓடவிட்டாள்.

முதல் படத்தின் அடியில் சாம்பல் பூத்தாற்போல ஒரு கோடு. இரண்டாவதிலும் அதே இடத்தில்.

மூடியை அழுத்திப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று கேமராவைக் கறுப்புத் துணியில் சுற்றி, பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்து, கேபிள் மட்டும் வெளியே வரும்படி கதவைச் சாத்தினாள். பாச்சா உருண்டை வாசனையோடு ஈரமண் வாசனையும் வந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. பீரோவுக்குள் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, டக் என்று, கேமரா கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பத்துப் படம் சேர்ந்ததும் அடுக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள்.

மலையின் முதுகு. இரண்டு தென்னை. மோட்டார் ரூம்.

பரணியின் தோட்டம். நேற்றைய படம்தான் எப்படியோ கார்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பெருமூச்சு விட்டாள். பிறகு மலைக்கு மேலே பார்த்தாள். நேற்றுப் பின்னிரவில் அவன் எடுத்ததில் விருச்சிகம் கொடுக்கை வளைத்துக்கொண்டு ஏறியிருந்தது. இதில் அது இல்லை. அரிவாளைப் போல வளைந்த ஏழெட்டு நட்சத்திரங்கள் இருந்தன. எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல், அதே சாய்வில், அதே அரிவாள்.

இது நேற்றைய வானம் இல்லை. இப்போதைய வானம்.

திரும்பி வந்தபோது புதுப் படம் வந்திருந்தது. மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான். நேற்றுப் பரணி போட்டுக்கொண்டு போன அதே பச்சை ஜெர்கின். இடது தோள் சற்றுத் தாழ்ந்த நிற்பு. அரை நிமிடமும் அசையாமல் நின்றால்தான் உருவம் இவ்வளவு தெளிவாக விழும். படம் எடுக்கிறவனுக்கு அது தெரியும்.

அவள் உள்ளறை வாசலுக்குப் போனாள். மின்விசிறி சுற்றியது. கட்டிலில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் போர்வையின் ஓரம் மட்டும் ஆடியது.

"என்னங்க..."

"ம்."

"நேத்துத் தோட்டத்துல வேற யாரும் இருந்தாங்களா?"



"ஒருத்தன் இருந்தான்."

"யாரு?"

"ரொம்ப அசந்துபோயிருந்தான்." குரல் பரணியின் குரல்தான். "விட்டுட்டு வந்துட்டேன்."

டக். பீரோவுக்குள்.

 அவள் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தாள். திரையில் பரணி தென்னைகளைத் தாண்டி வந்திருந்தான். டக். இன்னும் பக்கத்தில். முழங்காலில் தவழ்ந்துகொண்டிருந்தான். டக். முகம் மட்டும். திரை நிறைய முகம். உதடு வெடித்து, கன்னமெல்லாம் மண். இரண்டு உள்ளங்கைகளும் இந்தப் பக்கம் பார்த்து, கண்ணாடியில் அழுந்தி வெளுத்திருந்தன. வாய் 'கௌ' என்ற எழுத்துக்குக் குவிந்திருந்தது.

பதினோரு வருடமாக அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அவள் யோசிக்கவில்லை. பீரோவைத் திறந்தாள். சேலைகள் சரிந்து விழுந்தன. துணியைப் பிரித்து, நகம் மடங்க மடங்க மூடியைக் கிள்ளி எடுத்தாள்.

லென்ஸ் வெள்ளையாகப் பனித்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. பனி உட்பக்கத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. மறுபடி பனித்தது.

மூச்சு.

"இந்தா இருக்கேன்," என்றாள். "இங்கதான் இருக்கேங்க."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

கண்ணாடி பனித்தது. இந்தத் தடவை பாதிதான். சுருங்கியது. வெறுங்கால் ஒன்று தரையில் பதிந்தது. இன்னொன்று. பனித்தது; பொட்டளவு. அதுவும் மறைந்தது.

அவள் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. நாளெல்லாம் நின்று களைத்தவன் சாய்ந்துகொள்வதைப்போல, மெதுவாக, முழுப் பாரத்தோடும். சூடே இல்லை.

அவள் திரும்பவில்லை. கேமராவை நெஞ்சோடு பிடித்து, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது மறுபடி பனிக்கவில்லை; தெளிவாகவே இருந்தது.