சுவிட்ச் போடும்போது இருந்த கை

சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் காதுக்காரன். பலகையிலிருந்த பன்னிரண்டு சிவப்பு விளக்குகளும் ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தன. அதுவரைக்கும் எல்லாம் சரி. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அறை முழுக்க ஈயம் உருகிய வாசமும் கருகிய பிசின் வாசமும் கலந்து நின்றன. சற்று நேரம் கழித்து, யாரும் தொடாமலே, ஐந்து விளக்குகள் எரிந்தன. பக்கத்திலிருந்த சிந்தசைசர் பெட்டி ஐந்து சுரங்களையும் ஒன்றாகச் சேர்த்து முனகியது.

"எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே அணைத்தான்.

காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை என்பதால் தெரு அவனுக்கு வைத்த பெயர் காதுக்காரன். கடை நேரம் போக மிச்ச நேரத்தையெல்லாம் ஒயர் ஒயராகத் தொங்கும் அந்த சிந்தசைசர் பெட்டிதான் விழுங்கியது. சம்பாதிப்பதெல்லாம் அதற்குத்தான் போகிறது என்பதால் அக்கா அதற்கு 'தம்பி பொண்டாட்டி' என்று பெயர் வைத்திருந்தாள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு மாலை ஷிப்ட். அவள் வரும்வரை மகளைப் பார்த்துக்கொள்வது தம்பியின் பொறுப்பு.

மகளுக்கு வீட்டில் குருவி என்று பெயர். ஏழு வயது. போன வருஷம் வந்த காய்ச்சல் போகும்போது அவள் விரல்களிலிருந்த பலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பள்ளியில் கீபோர்டு வகுப்பில் கட்டைகளை அழுத்த முடியாமல் அழுதுகொண்டு வந்த அன்றே மாமன் முடிவு கட்டிவிட்டான். அழுத்தவே வேண்டாம், தொட்டால் போதும் என்று ஒன்று செய்துவிட வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பலகை. இரண்டு வரிசையில் பன்னிரண்டு செம்புத் தகடுகள், தகட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு சுரம்.

அதன் சூட்சுமம் எளிமையானது. சுவிட்ச் போட்டதும் கண் சிமிட்டுகிறதே, அந்த நொடியில் தகடுகளின்மேல் என்ன இருக்கிறதோ, அதைத்தான் 'ஒன்றுமில்லை' என்று அது எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, மாறிய அளவுக்கு விளக்கு எரியும், சுரம் பாடும். குறைந்தால் எரியக்கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சோம்பலில் விட்டுவிட்டான். சுவிட்ச் போடும்போது மட்டும் கையை வைக்காதே என்று குருவிக்குச் சொல்லிவைத்தான். போன வாரம் வைத்துவிட்டாள் என்று ஒரு அதட்டலும் போட்டான்.

தகடுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். எர்த் ஒயரை மாற்றினான். கண்ணாடி வில்லை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான். எல்லாம் பளிச்சென்று இருந்தன. மறுபடி சுவிட்ச். மறுபடி சிமிட்டல். அமைதி. பிறகு அதே ஐந்து விளக்குகள்.

அதே ஐந்து. நான்கு பக்கத்துப் பக்கத்தில், ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி, கீழே.

அவனுடைய வலது கை தானாக எழுந்து அவற்றின்மேல் விரிந்து நின்றது. விரல்கள் தகடுகளைத் தாண்டிப் போயின. சின்னக் கை ஒன்று விரித்துப் படுத்திருந்தால் மட்டும் இந்த ஐந்தும் பொருந்தும். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யாரோ தொடுவதால் விளக்கு எரியவில்லை. சுவிட்ச் போடும்போதே ஒரு கை அங்கே இருந்திருக்கிறது. அது எடுக்கப்படும்போதுதான் எரிகிறது.

"குருவி!"

கூடத்தில் வரைந்துகொண்டிருந்தவள் மெழுகுப் பென்சிலோடு வந்து நின்றாள்.

"நீ இதைத் தொட்டியா?"

"நான் இந்தப் பக்கமே வரல மாமா. தொட்டா நீதான் காது கிழியக் கத்துவியே."

"இப்ப வை. கத்த மாட்டேன்."

எரிந்துகொண்டிருந்த ஐந்து தகடுகளிலும் அவள் விரல்களைப் பரப்பினாள். விளக்குகள் மங்கின. முனகல் தணிந்து வேறு தொனிக்கு மாறியது. ஆனால் எதுவும் முழுதாக அணையவில்லை. தகட்டின்மேல் முதலில் இருந்தது இந்தக் கை அல்ல. இதைவிடக் கொஞ்சம் கனத்த கை.

"மாமா! அழுத்தாமலே மாறுது!" என்று குருவி குதித்தாள். இந்தச் சிரிப்பைப் பார்க்கத்தானே இத்தனை நாளும் கண்ணைக் கெடுத்துக்கொண்டான்! பார்த்தும் அவனால் சிரிக்க முடியவில்லை.

"அப்ப யாரோ கை வெச்சிருந்தாங்களா?"

"யாரும் இல்லடி. ஈரக் காத்து. அதுக்கு வேற வேலை இல்ல. நீ போய்க் குளி."

குளியலறை நடையின் கோடியில் இருந்தது. தாழ்ப்பாள் விழுந்தது, வாளியில் தண்ணீர் விழுந்தது, குருவி ஏதோ ஒரு மெட்டை மூக்கால் பாடினாள். அக்கா போனில் அழைத்தாள்.

"டேய், சாப்பிட்டாளா? குளிச்சாளா?"

"குளிக்கறா."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. நீ சீக்கிரம் வா."

"வந்துருவேன். அவளைத் தனியா விட்டுட்டு அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு உக்காராத."

போனை வைத்தான். வெளியே இருட்டிவிட்டிருந்தது. பலகையை அணைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தகடுகளையே பார்த்தான். எதுவும் இல்லை. மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் செம்பு மினுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுவோம், ஈரக் காற்றேதான் என்று தெரிந்துவிட்டால் நிம்மதி என்று சுவிட்சைப் போட்டான். பன்னிரண்டும் சிமிட்டின. அணைந்தன.

காத்திருந்தான். விளக்கு எரியவில்லை. மூச்சுவிடப் போனவனுக்குப் பாதியில் மூச்சு நின்றது. எரியவில்லை என்றால் ஈரக் காற்று என்று அர்த்தமில்லை. எடுக்கவில்லை என்று அர்த்தம். இன்னும் இங்கேதான் இருக்கிறது. அவன் முழங்கைக்குப் பக்கத்தில். அவன் இப்போதுதான் துடைத்த செம்பின்மேல், கண்ணாடியில் மூச்சு படிவதுபோல, ஐந்து இடங்கள் மட்டும் மெல்ல மங்கிக்கொண்டு வந்தன.

அவன் அசையவில்லை.

ஐந்தும் எரிந்தன.

எடுத்துவிட்டது. எடுத்த கை எங்கே? மேசைமேல் இல்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. நடை இருட்டாக இருக்கும். நடையின் கோடியில் குழந்தை.

"குருவி!" என்று அலறினான். "குருவி, இங்க வா!"

உடனே காலடிச் சத்தம். வெறுங்கால், வேகமான சின்னக் கால். நாற்காலியைச் சுற்றி வந்து, எப்போதும்போல அவன் முழங்காலில் மிதித்து ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டாள். அப்பாடா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"பயந்துட்டேன்டி," என்றான் அவள் தலைமுடிக்குள்.

தலைமுடி நனையவில்லை. சோப்பு வாசம் இல்லை. கருகிய பிசின் வாசம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தாள்.

கொஞ்சம்தான்.

அவள் கையை நீட்டினாள். எரிந்துகொண்டிருந்த தகடுகளின்மேல் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். சுண்டுவிரல். ஒரு விளக்கு அணைந்தது. மங்கவில்லை, அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியாகக் கட்டைவிரல். ஐந்தும் அணைந்தன. சிந்தசைசர் அடங்கியது.

அந்த அமைதியில், நடையின் கோடியில், தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று குளியலறைக்குள்ளிருந்து குருவி கூப்பிட்டாள். "துண்டு எடுக்க மறந்துட்டேன்! கொண்டு வா மாமா!"

மடியிலிருந்தது தலையை நிமிர்த்தியது. காதுக்காரன் வாயைத் திறந்தான். கதவைத் திறக்காதே. அதை மட்டும் சொல்லவேண்டும். கதவைத் திறக்காதே குட்டி.

காற்றுகூட வரவில்லை.

"இதோ கொண்டு வரேன் குட்டி," என்றது மடியிலிருந்தது. அவன் குரலில். அவன் எப்போதும் சொல்கிற அதே கொஞ்சலில்.

பலகையிலிருந்து கையை எடுத்தது. ஐந்து விளக்குகளும் எரிந்தன. ஐந்து சுரங்களும் முனகத் தொடங்கின. அது இறங்கி, நாற்காலி முதுகில் தொங்கிய துண்டை உருவிக்கொண்டு நடையில் போனது. அவன் எழப் பார்த்தான். அது உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே கால்கள் அவனுடையவையாக இல்லை.

"கதவைத் திற," என்றது அவன் குரல், நடையின் கோடியிலிருந்து.

தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்டது.