இணைவயிற்றுக்குப் பத்தியம்

இணைவயிறு சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. சென்னிமலை எதைச் சாப்பிட்டாலும் அதில் ஒரு கவளம் அதற்கும் போட வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி.

பார்வைக்குச் சின்னக் கண்ணாடிப் பெட்டிதான். உள்ளே ஒரு சாண் குடல். சென்னிமலை விழுங்கிய குளிகை அவர் குடலிலிருந்து கிள்ளி வந்த செல்களில் வளர்த்தது. ஓடுவதும் அவர் ரத்தமே. அவர் தின்பதைத் தின்றால் அவருக்கு வரும் கோளாறு அதற்கும் வரும். நலமென்றால் பச்சை விளக்கு, புண்பட்டால் சிவப்பு. இது வந்த பிறகு, வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையை எந்த டாக்டரும் எடுத்த எடுப்பில் எழுதுவதில்லை. நோயாளி படவேண்டிய பாட்டைப் பெட்டி படட்டும் என்பதுதான் ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சென்னிமலை ஈரோட்டில், ஓட்டுநர் இல்லாமலே ஓடும் தானோட்டி வண்டிகளைப் பழுது பார்ப்பவர். இரண்டு வருடமாக வயிற்று உப்புசம், பேதி, ஆளே பாதியாகிவிட்டார். அவருடைய அப்பா வயிற்றில் கட்டி வந்து இறந்துபோனவர். தனக்கும் அதுதானோ என்ற பயத்தை அவர் மனைவி பூங்கொடியிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா என்ன?

முதல் நாள் விதிப்படி பெட்டிக்கும் சப்பாத்தியும் குருமாவும் போட்டாள். பெட்டி வெகுநேரம் கடமுடவென்று உருட்டியது. பூங்கொடிக்கு மனசு கேட்கவில்லை. வயிறு சரியில்லாதவனுக்கு யாராவது குருமா ஊற்றுவார்களா? மறுவேளையிலிருந்து குழைந்த சோற்றுக் கஞ்சி, இஞ்சி தட்டிப் போட்ட மோர், சீரக ரசம். புருஷனிடம் பத்தியம் என்றாலே சண்டைக்கு வருவார், பெட்டி வராது. சர்க்கரைக்குப் பயந்து ஊரே சோற்றை விட்டுக் கோதுமைக்கு மாறியிருந்ததால் அவருக்கு மூன்று வேளையும் சப்பாத்திதான். பெட்டிக்கு ஏது சர்க்கரை?

மாத முடிவில் டாக்டர் ரெஹானா பெட்டியைச் சோதித்தார். பச்சை. குடலில் ஒரு குறையுமில்லை, மனக்கவலையாக இருக்கலாம், குழாய்ச் சோதனை தேவையில்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்.

சென்னிமலை நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“அப்ப நான் நடிக்கறனுங்களா டாக்டர்?”

அந்தக் குரலைப் பூங்கொடியால் தாங்க முடியவில்லை. “அது அவரு சாப்பிட்டதைத் திங்கலீங்க. நான்தான் கஞ்சி ஊத்தி வளர்த்துனனுங்க” என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. பிறகு யோசனையும் வந்தது. அதே குடல் சோற்றில் சுகமாக இருக்கிறதென்றால், கோதுமையே எதிரியாக இருக்கலாம். கோதுமை பட்டால் குடலின் உட்சுவர் தேய்ந்துபோகிற நோய் ஒன்று உண்டு. ஆனால் இது வெறும் சந்தேகம்தான், கட்டி இல்லையென்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். இப்போதிருந்து பெட்டிக்குச் சப்பாத்தி போடட்டுமா என்று பூங்கொடி கேட்டாள். நன்றாக இருக்கும் குடல் தேய மாதக் கணக்காகும், அவர் வயிற்றையே நேராகப் பார்த்துவிடலாம் என்று ரத்தச் சோதனைக்கும் குழாய்ச் சோதனைக்கும் அடுத்த வாரம் நாள் குறித்தார்.

“இன்னிக்கே கோதுமையை நிறுத்திப்போடறனுங்க” என்றாள் பூங்கொடி.

“நிறுத்தக் கூடாதும்மா. நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிரும், சோதனையில நோய் தெரியாமப் போயிரும். அது முடியற வரைக்கும் அவர் தினமும் சப்பாத்தி சாப்பிடணும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பூங்கொடி மன்றாடினாள். சோதனையே வேண்டாம், சோறு தின்றால் சரியாகிறதல்லவா, அது போதும் என்றாள்.

“எங்கப்பாவும் ஒரு வருசம் கஞ்சிதான் குடிச்சாரு புள்ள. நல்லாயிருச்சுன்னுதான் எல்லாரும் நெனச்சோம்” என்றார் சென்னிமலை.

அன்று மாலை அவளே மாவு பிசைந்தாள். அவர் இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது சப்பாத்தியைப் பிய்த்தார். பெட்டியை இனி வைத்திருக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் ரத்தமும் சதையுமாக இருப்பதைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்?

“அதுக்குக் கஞ்சி ஊத்திட்டயா?”

“ஊத்திட்டனுங்க. அது சொகமா இருக்குது” என்று சொல்லி, அவர் தட்டில் இன்னொரு சப்பாத்தியை வைத்தாள் பூங்கொடி.