தெரியாட்டி ‘சி’

விடைக்குறிப்பு காலை பத்து மணிக்கு வெளியானது. பத்து ஐந்துக்கெல்லாம் தூத்துக்குடி நூலகத்தின் மாடியில் ஒருவரும் நாற்காலியில் இல்லை. எழுபது எண்பது பேர் கைப்பலகைக் கணினிகளில் தங்கள் விடைகளை ஒத்துப் பார்த்தபடி, இருப்புக் கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ரெக்ஸிலின் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றாள். வயது முப்பத்து நான்கு. முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் நடக்கும் அரசு வேலைத் தேர்வை ஏழு முறை எழுதியாகிவிட்டது. இன்னும் ஒரு முறைதான், அதற்குப் பிறகு வயது வரம்பு கதவைச் சாத்திவிடும்.

“யக்கா, நூத்தி அறுபத்து மூணுக்கு என்ன போட்டிய?” என்று கத்தினான் இசக்கிராஜ். படிப்பு வட்டத்துக்கு அவன்தான் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தொண்டையால் கிடைத்த பதவி.

“சி.”

“தெரிஞ்சா போட்டிய?”

“எனக்கு என்னத்த தெரியும்? தெரியாட்டி சிதான!”

“நானும் சிதான்க்கா! சரியா வந்திருக்கு, பாருங்க!”

ரெக்ஸிலின் கணக்கை மறுபடி கூட்டினாள். அந்த ஒன்றையும் சேர்த்து நூற்று ஐம்பத்திரண்டு. கட்-ஆஃப் அதைத் தாண்டாது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் படித்ததற்கு ஒரு நாற்காலி கிடைக்கப்போகிறது என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நூற்று அறுபத்து மூன்று ஓர் உயிர்வினா. அப்படியென்றால் என்ன என்பதை அந்த மாடியில் இருந்த எவரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். வரி ஏய்ப்புக்கு எதிரான பன்னாட்டு உடன்பாடு வந்தபிறகு, உலகத்தின் வங்கிக் கணக்குகள் எல்லாம் ‘ஒப்புநோக்கி’ என்ற ஒற்றை இயந்திரத்தின் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிக்கொண்டு பணத்தைப் பதுக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் உண்மையான முதலாளி யாராக இருக்கலாம் என்று ஒப்புநோக்கி நான்கு பேரைக் காட்டும். அதோடு நிறுத்திக்கொள்ளும். உடன்பாட்டின் பதினேழாம் பிரிவு அப்படி. எந்த இயந்திரமும் எந்த மனிதரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது, மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த மனிதர்கள்? மாதம் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் கம்பெனிகளைப் பார்க்க அதிகாரிகள் போதவில்லை. அப்போதுதான் யாருக்கோ நம்முடைய தேர்வர்கள் நினைவுக்கு வந்தார்கள். பதினோரு லட்சம் பேர். நடப்பு நிகழ்வுகளைக் கரைத்துக் குடித்தவர்கள். சம்பளம் கேட்காதவர்கள். வினாத்தாளின் இருநூறு கேள்விகளில் முப்பதை உயிர்வினாவாக வைத்தார்கள். பெரும்பாலானோர் எதைக் குறித்தார்களோ அதுதான் விடை, அந்த விடைதான் தீர்ப்பு. தெரியாதவர்களின் ஊகம் நான்கு பக்கமும் சமமாகச் சிதறிப் போகும், தெரிந்தவர்களின் விடை மட்டும் ஒரே இடத்தில் குவியும் என்று எங்கோ குளிரூட்டிய அறையில் நிபுணர்கள் நிரூபித்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே தாள் என்பதற்காக விடைகளின் வரிசையைக்கூட மாற்றக்கூடாது என்று விதி செய்தார்கள்.

கணக்கில் பிழை கிடையாது. நம்மைப் பற்றித்தான் அவர்களுக்குத் தெரியாது. ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவதாக ஒரு வட்டமும் விடைத்தாளில் உண்டு. அதைக் கறுப்பாக்கிய ஒரு ஜீவனை இதுவரை யாரும் கண்டதில்லை.

மதியம், உயிர்வினாக்களில் தீர்ப்பு விழுந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியான கொஞ்ச நேரத்தில், ரெக்ஸிலின் டீக்கடையில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜோவினிடமிருந்து அழைப்பு வந்தது. பதினெட்டு வருடமாகக் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்ப்பவன். அப்பா போனபிறகு வீட்டு வாடகையும் அவள் படிப்பும் அவன் அனுப்பும் பணத்தில்தான் ஓடின.

“அண்ணே, நூத்தி ஐம்பத்திரண்டு!” என்றாள் எடுத்த எடுப்பில்.

“ரெக்ஸி, என்னைய கப்பல விட்டு எறங்க விடமாட்டேங்காவ.”

“எந்த ஊருல?”

“எந்த ஊருலயும்தான்.”

அவன் குரலில் பதற்றம்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவனுடைய அட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. கடவுச்சீட்டைக் கேப்டன் வாங்கி வைத்துக்கொண்டார். சேர்ந்த கம்பெனி ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைமுகத்தில் சம்பளக் கணக்கு தொடங்கியதில், ஐந்து நாடுகளில் அவன் பெயரில் கணக்கு இருந்தது. மறந்து விட்டுப்போன ஒன்றை எவனோ எடுத்துப் பயன்படுத்தி, ‘நீலக்கரை’ என்று ஒரு கம்பெனி நடத்தியிருக்கிறான்.

“ஒத்துழைக்காத நாடு எதாவது இருந்தா அங்க எறங்கிக்கன்னு சிரிக்காவ. அப்படி ஒண்ணு இருக்கா பிள்ள? நீதான படிச்சவ.”

அவளுக்கு விடை தெரியும். ‘உடன்பாட்டில் கையெழுத்திடாத நாடுகள் எத்தனை? ஒன்றுமில்லை.’ நான்காவது முறை எழுதியபோது வந்த கேள்வி. சரியாகப் போட்டு ஒரு மார்க் வாங்கியிருந்தாள்.

“பாக்கேன்ணே. நீ பதறாத,” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். கைப்பலகையில் வினாவைத் திறந்தாள். நீலக்கரைக் கம்பெனியின் உண்மை உடைமையாளர் யார்? (சி) ஐந்து நாடுகளில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர், ஆண்டில் பத்து மாதம் தாய்நாட்டில் தங்காதவர், நாற்பத்தொரு வயது ஆண். தேர்வறையில் இதைப் படித்துவிட்டுத்தான் அவள் கடந்து போயிருந்தாள். கூடப் பிறந்தவனை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும்? கையிலிருந்த மக்ரூன் பொட்டலத்தைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

தப்பிக்க வழி ஒன்று விதிகளில் இருந்தது. அதையும் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அறியா அறிக்கை. ‘எனக்கு விடை தெரியாது, ஊகித்தே குறித்தேன்’ என்று எழுதிக் கொடுத்து மார்க்கை விட்டுக்கொடுக்கலாம். அந்த விடையைக் குறித்தவர்களில் பத்தில் ஒருவர் முப்பது நாளுக்குள் அப்படிக் கொடுத்தால் வினா ரத்து, தீர்ப்பும் ரத்து. ‘சி’ போட்டவர்கள் ஆறு லட்சம் பேர். அறுபதாயிரம் கையெழுத்து வேண்டும்.

மறுநாள் காலையில் முதல் கையெழுத்தை அவளே போட்டாள். நூற்று ஐம்பத்திரண்டு நூற்று ஐம்பத்தொன்றானது. போட்டு முடித்தபிறகுதான் கழிவறைக்குப் போய் அழுதாள்.

பிறகு மாடிக்கு வந்து படிப்பு வட்டத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அழுதவள் ஹசீனா. எப்போதும் ரெக்ஸிலினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருபவள், குறிப்பேட்டைப் பகிர்ந்துகொள்பவள்.

“எனக்கும் நூத்தி ஐம்பத்திரண்டுதான்க்கா. இந்தத் தடவ வேலை கெடைக்காட்டி நிக்காஹ்ன்னு வாப்பா சத்தியம் வாங்கிட்டாவ. ஒரு மார்க்குக்குள்ள நாலாயிரம் பேரு நிக்காவ. என்னால முடியாதுக்கா,” என்றாள்.

இசக்கிராஜ் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “நான் ஒருத்தன் போடாட்டி என்னக்கா ஆயிரப்போவுது? அறுபதாயிரத்துல ஒண்ணு.”

“எல்லாவனும் அதத்தாம்ல கேக்கான்,” என்றாள் ரெக்ஸிலின். “தெரியாமதான போட்டிய? தெரியாதுன்னு சொல்லுததுக்கு என்ன கேடு?”

தெரியாது என்று சொல்லக்கூடாது என்பதைத்தானே இத்தனை வருடமாக எல்லோரும் படித்திருந்தார்கள்? அவள் கோவில்பட்டிக்குப் போனாள், திருநெல்வேலிக்குப் போனாள், வாசகர் வட்டங்களுக்கெல்லாம் எழுதினாள். பாவப்படாதவர் ஒருவரும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார்கள். முப்பதாம் நாள் முடிவில் முந்நூற்று நாற்பது கையெழுத்துகள் சேர்ந்திருந்தன. தீர்ப்பு உறுதியானது.

கட்-ஆஃப் நூற்று ஐம்பத்து மூன்றில் நின்றது. அந்த ஒரு மார்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்களும் வெளியே, விட்டுக்கொடுத்தவளும் வெளியே. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் ஜோவினின் கப்பல் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. வெளித்துறையில் நிற்கும்போது ஊர் விளக்குகள் தெரியும் என்றான். வேலை செய்கிறான், சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும் போடுகிறார்கள். ஒருமுறை மட்டும் கேட்டான்: “அந்தக் கேள்விக்கு நீ என்ன பிள்ள போட்ட?” அலைபேசியில் சிக்னல் இல்லாததுபோல நடித்து அவள் வைத்துவிட்டாள். இந்தப் பிறவியில் தன்னால் அதைச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

இசக்கிராஜுக்கு மனசாட்சி மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் செய்தது. ஒருநாள் அவனே வீட்டுக்கு வந்தான்.

“அண்ணன் விசயத்துல ஒண்ணும் செய்யல, சரி. இனிமே இன்னொருத்தனுக்கு இப்படி ஆவக்கூடாதுல்லா? கண்ண மூடிக்கிட்டு சி போடுத பழக்கத்த ஒழிச்சுக்கட்டுதோம்க்கா. நான் பொறுப்பு.”

சொன்னதைச் செய்தான். மார்க் போகாத நல்ல காரியம் என்றால் நம்மவர்கள் சளைப்பதில்லை. ‘சி போடாதே’ என்ற வாசகம் பயிற்சி மையச் சுவர்களில் ஏறியது, மாத இதழ்களின் பின்னட்டையில் வந்தது. வேலூரில் ஊர்வலமே போனார்கள். ரெக்ஸிலினுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. எட்டாவது முறைக்கு விண்ணப்பித்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அண்ணனின் கோப்பைத் திறக்க ஒரு வழி கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது.

தேர்வு நாளன்று பள்ளி வாசலில் இசக்கிராஜ் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“யக்கா, மாநிலம் பூரா சொல்லியாச்சு. ஒரு பய சி போடமாட்டான்.”

“அப்போ தெரியாத கேள்விக்கு?”

“வட்டம் காலியாக் கெடந்தா மனசு கேக்குமா? பி போடச் சொல்லிட்டோம். எல்லா சென்டர்லயும் அதான் சொல்லுதாவ.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கூட்டம் இருவரையும் இரண்டு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது.

அவளுக்கு இரண்டாவது வரிசை. முன்னால் ஹசீனா, நிக்காஹ் தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்து வந்திருந்தாள். திரும்பி ஒரு தடவை சிரித்தாள். வினாத்தாள் வந்தது. பொது அறிவு, வரலாறு, அரசமைப்பு எல்லாம் மளமளவென்று போயின. நூற்றுப் பதினெட்டுக்கு வந்தபோது ரெக்ஸிலினின் பேனா நின்றது.

நீலக்கரைக் கம்பெனிக் குற்றவாளியின் மறைக்கப்பட்ட சொத்தை அவருக்காக வைத்திருப்பவர் யார்?

(ஏ) குற்றவாளியுடன் மூன்று கப்பல்களில் பணியாற்றியவர். (பி) வேலையில்லாத பெண். குற்றவாளியிடமிருந்து பதினோரு ஆண்டுகளாக மாதந்தோறும் பணம் பெற்றவர். குற்றவாளியைக் காப்பாற்றத் தனக்குக் கிடைத்த மதிப்பெண்ணையே விட்டுக்கொடுத்தவர். (சி) ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர். (டி) துறைமுகத்தில் கடை வைத்திருப்பவர்.

கடைசி வாக்கியத்தை மூன்று முறை படித்தாள். வேறு யாராகவும் இருக்க முடியாது. அன்றைக்குப் போட்ட கையெழுத்து இதோ ஒரு தடயமாக வந்து நிற்கிறது. ஒப்புநோக்கிக்கு அவள் மேல் கோபம் இல்லை. ஒரு மனுஷி காரணமில்லாமல் ஒரு மார்க்கை விடமாட்டாள் என்று பதினோரு லட்சம் பேரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கையை உயர்த்தினாள். கண்காணிப்பாளர் வந்தார்.

“சார், இந்தக் கேள்வி... இதுல...”

“கேள்வியப் பத்திப் பேசக்கூடாதும்மா. பேசினா தாள வாங்கிருவேன்.”

“எனக்கு இதுக்கு விடை தெரியும் சார்.”

“தெரிஞ்சா போடும்மா. எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?”

அவர் போய்விட்டார். சரியான விடை நான்கில் எதுவும் இல்லை என்பதைப் போடுவதற்கு வட்டம் இல்லை; ஐந்தாவது வட்டமும் ‘தெரியவில்லை’ என்றுதான் சொல்லும். அவள் பேனா ‘ஏ’ பக்கம் போனது. மூன்று கப்பல்களில் கூட இருந்தவர். அண்ணன் அடிக்கடி சொல்வானே, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த ஒரு மலையாளச் சேட்டன், அவராக இருக்குமோ? யாராக இருந்தால் என்ன, நானில்லை, போட்டுவிடலாம் என்று ஒரு கணம் முழுமனதோடு நினைத்தாள். நினைத்ததும் தன்னைக் கண்டே பயந்து பேனாவை மேசையில் வைத்தாள். இந்த அறையில் முப்பது பேர், வெளியே பதினோரு லட்சம் பேர். இவளுடைய ஒரு வட்டம் எந்தப் பக்கம் விழுந்தாலும் எதுவும் மாறப்போவதில்லை.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கான மணி அடித்தது.

அறை முழுக்கத் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. ஹசீனா வினாத்தாளை மூடி மேசை ஓரத்தில் வைத்தாள். விடைத்தாளை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, காலியாகக் கிடந்த கேள்விகளுக்கெல்லாம் இரண்டாவது வட்டத்தை மேலிருந்து கீழாக, ஒரே நேர்கோட்டில் கறுப்பாக்கத் தொடங்கினாள்.