அக்ஷய்க்கு ஓர் அறை தயார்!

"அம்மாஆஆ...!"

அலறல் மாடியிலிருந்து வந்தது.

சௌபர்ணிகா கையிலிருந்த பால் டம்ளரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். அது அவளுடைய ஆறு வயது மகன் அக்ஷயின் குரல்.

மரப் படிகள். இருட்டான நடை. இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். ஒன்று மட்டும் திறந்திருந்தது.

உள்ளே அக்ஷய் சுவரைக் காட்டியபடி நின்றான்.

"அம்மா... அது நான்!"

ஆமாம், அவன்தான். கப்பலின் மேல்தளத்தில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரிக்கிறான். பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, மாலை போடாத குறையாக மாட்டியிருந்தார்கள்.

போன வாரம் எடுத்த படம்... இவள் எடுத்ததில்லை.

சௌபர்ணிகா மெல்ல அறையைச் சுற்றிப் பார்த்தாள். சின்னக் கட்டில். புது மெத்தை. ஜன்னலோரம் படிக்கிற மேஜை. மரப் பீரோவைத் திறந்தாள்.

சட்டைகள். டிரவுசர்கள். பள்ளிக்கூட ஷூ.

ஒரு சட்டையை எடுத்து அக்ஷயின் முதுகில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போலக் கச்சிதமாக இருந்தது!

அறிமுகமாகி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள் வீட்டில் தன் பிள்ளையின் அளவுக்கு ஷூ இருந்தால் எந்தத் தாய்க்குத்தான் சந்தேகம் வராது? அவளுக்கும் வந்தது.

வீடு பெத்தாச்சியுடையது. அவர் மனைவி மீனம்மாள். கண்டரமாணிக்கத்தில் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற வீடு. குடியிருப்பது இரண்டே பேர். பிள்ளை இல்லை.

பழக்கமானது கப்பலில். சென்னையில் ஏறி, கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சென்னையிலேயே இறக்கிவிடுகிற உல்லாசக் கப்பல். சாப்பாட்டு மேஜையில் பக்கத்து நாற்காலி. நான்கு வயது நித்யஸ்ரீ மீனம்மாளின் பட்டுப்புடவை மேல் வாந்தி எடுத்தாள். மீனம்மாள் முகம் சுளிக்கவில்லை. தானே துடைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். அங்கே ஆரம்பித்தது சிநேகம்.

கப்பலுக்குப் பிறகு காரிலேயே மேற்கு மலைக் காட்டுக்குப் போவது, கூடாரம், ஜீப் சவாரி என்று குமரப்பன் திட்டம் போட்டிருந்தான். சௌபர்ணிகாவின் கணவன்.

"போற வழியில நம்ம வீட்டுல ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்களேன்" என்றார் பெத்தாச்சி.

சௌபர்ணிகா வாயைத் திறப்பதற்குள் குமரப்பன் சரி என்றுவிட்டான்.

இப்போது அவன் காரைக்குடியில். மலைச் சாலைக்கு டயர் மாற்றப் போயிருக்கிறான். அவள் போனை எடுத்தாள்.

"குமார்... இங்க ஒரு ரூம்ல அக்ஷய் போட்டோவ மாட்டி வச்சிருக்காங்க. அவன் சைஸுக்குச் சட்டை, ஷூ எல்லாம் இருக்கு."

"மாடி ரூமா? அது திறந்தா இருந்துச்சு?"

"திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? எனக்குப் பயமா இருக்கு. இப்பவே கிளம்பலாம்."

"பிள்ளை இல்லாதவுக. ஆசைப்பட்டு வாங்கி வச்சிருப்பாக. இதுக்குப் போயி..."

"ஒரு வாரத்துலயா?"

"நாளைக்குக் காலையில கிளம்பிருவோம், சௌபர்ணி. மலைக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிரும்."

வைத்துவிட்டான்.

அக்ஷய் அவள் துப்பட்டாவை இழுத்தான்.

"அம்மா, அந்த அங்கிள் என்னை ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்ன?"

"அவரை அப்பச்சின்னு கூப்பிடணுமாம்."

சௌபர்ணிகா பெங்களூரில் வளர்ந்தவள்தான். ஆனாலும் செட்டிநாட்டுக் குடும்பம். இந்தப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் அப்பாவைத்தான் அப்பச்சி என்று கூப்பிடும்!

போதும்.

பின்னாலேயே ஏறி வந்திருந்த நித்யஸ்ரீயை இடுப்பில் தூக்கினாள். அக்ஷயைக் கையில் பிடித்தாள். பையைக்கூட எடுக்காமல் கீழே இறங்கி, முகப்பைத் தாண்டி, வாசலுக்கு வந்தாள்.

கதவு பூட்டியிருந்தது. அதுவும் கைக்கு அடங்காத பூட்டு.

"எங்குட்டும்மா கிளம்பிட்டீக?"

திரும்பினாள். பெத்தாச்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கடைக்கு. நித்யாவுக்கு பிஸ்கட் வாங்கணும்."

"வெயில் கொளுத்துதே. ஆளனுப்பி வாங்கிக்குவோம். போய்த்தான் ஆகணும்னா நீங்க போயிட்டு வாங்க. தம்பிய இங்கயே விட்டுட்டுப் போங்க."

"கதவ ஏன் பூட்டியிருக்கீங்க?"

"எதுத்தாப்புல ஊரணி இருக்குல்ல? ஓடிப்போயி விழுந்துட்டா? இனிமே நாமதானே பாத்துக்கிறணும்."

இனிமே...

"கதவத் திறங்க." அவள் போனைக் கையில் எடுத்தாள். "இல்லைன்னா போலீஸுக்குப் போன் பண்ணுவேன்."

சத்தம் கேட்டு மீனம்மாள் உள்ளிருந்து வந்தாள்.

"என்னாத்தா? எதுக்குப் போலீஸு?"

"என் பையன் போட்டோ உங்க வீட்டுல ஏன் தொங்குது? யாரைக் கேட்டு அவனுக்கு ரூம் போட்டீங்க?"

மீனம்மாள் கணவரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டீக. தை பொறந்ததும் இந்த வீட்டுக்கு வரப்போற பிள்ளைதானே? நீங்க சம்மதிச்சுட்டீகன்னு குமரப்பன் சொன்னாகளே?"

"எதுக்குச் சம்மதிச்சேன்?"

"பிள்ளை கூட்டிக்கிறதுக்கு."

சௌபர்ணிகா அக்ஷயைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பிள்ளை கூட்டிக்கொள்வது... வாரிசு இல்லாத வீடு, வேறொரு வீட்டுப் பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வது. அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள். அவளுடைய மாமாவே ஒரு வீட்டுக்கு அப்படிப் போனவர்தான். ஆனால் பெற்றவளைக் கேட்காமலா?

"அந்தக் கப்பல் டிக்கெட்டு... பக்கத்து நாற்காலி..." என்று ஆரம்பித்தாள்.

"நாங்க எடுத்ததுதான்" என்றார் பெத்தாச்சி. "பிள்ளைய நாலு நாள் பக்கத்துல இருந்து பாக்கணும்னு ஆச்சி ஆசைப்பட்டா."

ஆக, பெண் பார்ப்பது போலப் பிள்ளை பார்த்திருக்கிறார்கள். நடுக்கடலில் வைத்து. அவளுக்கு மட்டும் தெரியாமல்!

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா ஆச்சி?" என்றாள் மீனம்மாளிடம்.

"கேக்கத்தான் துடிச்சேன். 'அவகிட்ட மட்டும் பேச்செடுக்காதீக, மனசு மாறிருவா'ன்னு குமரப்பன் கையப் பிடிச்சுக்கிட்டாக. மலைக்குப் போயிட்டு வாரவரைக்கும் அந்த அறையவே திறக்காதீகன்னாக. மெத்தை வெயில் காயட்டும்னு இன்னைக்கு நாந்தான் திறந்தேன்."

"பதிலுக்கு அவருக்கு என்ன தர்றீங்க?"

பெத்தாச்சி தொண்டையைச் செருமினார்.

"சென்னையில எங்களுக்கு இருக்கிற கட்டடத்தைக் கேட்டாக. சரின்னேன்."

"நான் ஒத்துக்க மாட்டேன். கோர்ட்டுக்குப் போவேன்."

"நீங்க ஒத்துக்காட்டி ஒண்ணும் நடக்காதும்மா. வக்கீல் அதத்தான் சொன்னாரு. தாய் உயிரோட இருக்கையில தாய் சம்மதம் இல்லாம எழுதுனா செல்லாதாம். கப்பல் ஏறுறதுக்கு முந்தியே குமரப்பன்கிட்டயும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'அதுல சிக்கல் வராது. மலைக்குப் போயிட்டு, பிள்ளைகளோட நான் வந்து நிக்கிறேன்'னாக..."

சொல்லி முடிப்பதற்குள் பெத்தாச்சியின் குரல் தேய்ந்தது.

பிள்ளைகளோட நான்!

நித்யஸ்ரீ பிஸ்கட் எங்கே என்று கேட்டாள்.

சௌபர்ணிகாவுக்குக் கப்பலின் இரண்டாம் நாள் சாயங்காலம் கண்முன் வந்தது. மேல்தளத்தில் ஆளே இல்லை. 'அந்தக் கம்பி மேல ஏறி உக்காரு, போட்டோ நல்லா வரும்' என்றான் குமரப்பன். அவளும் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, கொஞ்சம் தள்ளி நின்ற நித்யஸ்ரீ மறுபடியும் வாந்தி எடுக்க, இவள் இறங்கி ஓடினாள். வாந்தி எடுத்து அம்மாவின் உயிரைக் காப்பாற்றிய பிள்ளை!

மலையில் ஏதோ ஒரு பாறை உச்சியாம். வேலி கிடையாதாம். 'அங்க நின்னு சூரியோதயம் பாக்கணும். நீ மட்டும் வா, பிள்ளைக தூங்கட்டும்' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தானே...

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் பயம் வந்தது. பிறகு அழுகை. இரண்டும் அடங்கியபோது மிஞ்சியது கோபம் மட்டும். ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவனுக்குப் பெற்றுக் கொடுத்த பிள்ளையை விற்க, அவளையே கொல்லப் பார்க்கிறான்!

மீனம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"சத்தியமா எங்களுக்கு இது தெரியாது ஆத்தா. ஒரு உசுரு போயித்தான் எனக்குப் பிள்ளை வரணுமா?"

பெத்தாச்சி போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். ரொம்ப நேரம் பேசினார்.

* * *

சாயங்காலம் குமரப்பன் வந்தான். காருக்கு நான்கு புது டயர். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டார்ச் லைட்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சௌபர்ணிகா எழுந்தாள்.

"குமார், ஆச்சி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"எ... எதை?"

"அக்ஷய் விஷயத்தை. என்கிட்ட நீயே சொல்லியிருக்கலாம்." அக்ஷயின் தலையில் கையை வைத்தாள். "எனக்குச் சம்மதம். என் பையன இவங்களுக்குத் தர்றேன்."

நடிப்புதான். அப்படித்தான் பேசச் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் நெஞ்சு வலித்தது. நடிப்பு என்று தெரிந்திருந்த மீனம்மாளின் கண்களும் ஒரு நொடி மலர்ந்து, பிறகு தாழ்ந்தன.

"நெசமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான். இவ்வளவு பெரிய வீடு. அவனாவது நல்லா இருக்கட்டும்."

குமரப்பன் அவளைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ இப்படி ஒத்துக்குவேன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"ஒண்ணுமில்ல. ஒரு போன் பண்ணிட்டு வாரேன்."

வேகமாக உள்முற்றத்துக்குப் போனான். தூண் ஓரமாக ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். சமையல்காரி. அவளை ஓர் ஆளாகவே அவன் மதிக்கவில்லை. நம்பரை அழுத்தினான்.

"நாந்தான்... நாளைக்கு வேலை வேணாம். ஆமாய்யா, அவளே ஒத்துக்கிட்டா. தள்ளவும் வேணாம், கிள்ளவும் வேணாம்... அட்வான்ஸ நீயே வச்சுக்க. ஜீப்ப மட்டும் அனுப்பிரு. பிள்ளைக ஆசைப்படுதுக."

நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பினான்.

வெண்டைக்காய் அரிந்தவள் எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையில் முந்தானை. இன்னொரு கையில் போன். அதில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

"'தள்ளவும் வேணாம்'ங்கிறதத் தெளிவாச் சொன்னீக சார். நல்லாப் பதிவாயிருச்சு."

"நீ யாரு?"

"இன்ஸ்பெக்டர் காளீஸ்வரி."

தூண்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"அந்தக் கடைசி நம்பர மலை ஸ்டேஷனுக்கு அனுப்பு" என்றாள் காளீஸ்வரி. "ஜீப்புல வாரவனை அங்கயே அமுக்கட்டும்."

"மேடம், இது எங்க குடும்ப விஷயம்... என்ன கேஸு இது? யாரும் சாகலையே?" குமரப்பன் மனைவி பக்கம் திரும்பினான். "சௌபர்ணி, நீயே சொல்லு. இப்ப நான் வேணாம்னுதானே சொன்னேன்?"

சௌபர்ணிகா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

பதிலுக்குக் காத்திராமல் காளீஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைங்க பாக்குறாங்க மேடம். சீக்கிரம் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள் அவள்.

காளீஸ்வரி பெத்தாச்சியின் முன்னால் நின்றாள்.

"பிள்ளைக்கு வெல பேசுனதும் குத்தம்தான் அய்யா. நீங்களும் ஸ்டேஷனுக்கு வாரீக. போன் போட்டது நீங்கங்கிறதால நாளைக்கு வந்தாப் போதும்."

பெத்தாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மீனம்மாள் மாடியேறிப் போய், படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து சௌபர்ணிகாவின் கையில் கொடுத்தாள்.

"கண்ணு நெறையாப் பாத்துட்டேன். இது உங்க பிள்ளை. நீங்களே வச்சுக்கோங்க."

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. சௌபர்ணிகாவுக்கு அவள் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வாசலில் போலீஸ் ஜீப். கதவைப் பிடித்துக்கொண்டு குமரப்பன் ஏற மறுத்தான்.

"மேடம், சட்டம் பேசுங்க! நான்தான் எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டேனே!"

காளீஸ்வரி அவன் பிடரியில் கையை வைத்து உள்ளே அமுக்கினாள்.

"கப்பல் டிக்கெட்ட கேன்சல் பண்ணுனாலே பாதிக் காசப் பிடிச்சுக்கிறாய்ங்க சார். கொலைய கேன்சல் பண்ணிட்டு, முழுசும் திருப்பிக் குடுங்கன்னா எப்படி?"