எந்தப் பொறாமை?

நிலவுத் துறைமுகத்தில் வாய் பொய் சொல்லலாம், சொல்நிறுவை சொல்லாது. காதோரம் ஒட்டிய அந்தப் பொத்தான், ஆள் தமிழில் எதைச் சொன்னாலும் மூளையைத் துழாவி, உள்ளிருக்கும் உணர்ச்சிக்குச் சரியான ஆங்கிலச் சொல்லை எடுத்து உரக்கச் சொல்லும். அதை உருவாக்கியவள் தில்லைநாயகி. யாரைக் கப்பலில் ஏற்றலாம் என்ற விதியை எழுதியவளும் அவளே. செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கப்பலில் கடைசி இருக்கையும் அவளுக்கே கிடைத்தது. சும்மா இருப்பானா அவள் கணவன் சேந்தன்?

அவளையும் இழுத்துக்கொண்டு பயண அதிகாரி ஹெலனிடம் போய் நின்றான். "அந்த பைலட் ஜெரால்டோட ரெண்டு வருஷம் ஒரே கப்பல்ல போறா மேடம். எனக்குப் பொறாமையா இருக்கு. அனுப்பாதீங்க."

தில்லைநாயகிக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் இப்படிப் பேசியதே இல்லை. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள், பைத்தியக்காரி!

சேந்தனின் பொத்தான் சொன்னது: "என்வி."

ஹெலன் உதட்டைப் பிதுக்கினாள். "தன்னுடையது கைவிட்டுப் போய்விடுமோ என்று பதறினால் ஜெலஸ். அடுத்தவரிடம் இருப்பது தனக்கு வேண்டுமென்று வெந்தால் என்வி. மனைவியைப் பற்றி உங்களுக்குக் கவலையில்லை. அவர் இருக்கைதான் வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆள் நீங்கள்தானே?"

சேந்தன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அடப்பாவி மனுஷா!" தில்லைநாயகி அவன் பக்கம் திரும்பினாள். "என் மேல ஆசைன்னுல்ல நெனச்சேன்! சீட்டு மேலயா? பொண்டாட்டிய விட அந்தத் தகரக் கப்பல் ஒசத்தியாப் போச்சா உங்களுக்கு?"

அவள் பொத்தான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்குமா? "ஜெலஸ்" என்றது.

ஹெலனின் முகம் மாறியது. என்வி உள்ளவர் போகலாம், பொருமினாலும் வேலை செய்வார். ஜெலஸ் உள்ளவர் கூடாது, அவர் மனம் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். விதி அப்படித்தான் சொன்னது.

"மன்னிக்கவும். உங்கள் விதிதான். இருக்கை அடுத்தவருக்கு."

கப்பலேறும் நாளில் சேந்தன் புது உடுப்போடு கப்பல் வாசலில் நின்றான். முகத்தில் கொஞ்சம் வெட்கம், நிறையப் பூரிப்பு. "பொறாமையா இருக்கா, தில்லை?"

அவளுடைய இருக்கையில் அவளுடைய மனுஷன் போகிறான். அவள் வாயெடுத்ததும் பொத்தான் "ஜெ..." என்றது, "என்..." என்றது, மறுபடி "ஜெ..." என்று திக்கியது. அவள் அதைப் பிய்த்துத் தரையில் போட்டு மிதித்தாள்.

"ஆமாங்க," என்றாள். "பொறாமையாத்தான் இருக்கு."