இருபது சுற்றுக் கேபிள்

சோமசுந்தரம் காலையில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் செல்லசாமி தோளில் துண்டோடு தெருவைக் கடந்து வந்தான்.

“அண்ணே, வெளிநாட்டுக்காரனோட நீங்க பேசுங்க, வேணாங்கல. என் பாட்டுக்காரியோட எதுக்குங்க சண்ட? நேத்து அந்தி ஆறரைக்கு ரேடியோவத் தொறந்தா பாட்டு முழுக்க டிக் டிக்குன்னு ஒங்க தந்திதான். தேத்தண்ணி குடிக்க வந்தவனெல்லாம் காதப் பொத்திக்கிட்டான்.”

நேற்று ஆறரைக்குச் சோமசுந்தரம் வீட்டிலேயே இல்லை. கோயில் திருவிழாக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்புறம் உள்ள வானொலி அறை பூட்டியிருந்தது. அதற்கு இருந்த ஒரே சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. வீட்டில் இருந்தது அவர் மனைவி சண்முகவடிவு மட்டுமே.

“நான்தான் அடிச்சேன்,” என்றார்.

“ஆனா ஒண்ணுண்ணே. நீங்க அடிச்சா வெறகு பொளக்கிற மாதிரி இருக்கும். நேத்து தாளம் மாதிரி விழுந்துச்சு. நம்ம சின்னவரு அடிப்பாரே, அந்த மாதிரி.”

“கை பழகிட்டா அப்பிடித்தான். நாளைக்குள்ள சத்தம் வராமப் பண்ணிர்றேன். நீ போய்க் கடையப் பாரு.”

சின்னவர் என்பது அவருடைய தம்பி சின்னராசா. தலவாக்கலைக் கடைவீதியில் முதன்முதலாக, வெளிநாட்டாரோடு தந்தியில் பேசும் அமெச்சூர் வானொலி நிலையம் அமைத்தவன். 1959 மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு சோமசுந்தரம் அவன் நாற்காலியில் உட்கார்ந்தார், மோர்ஸ் தந்தி பழகினார், கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தன் பெயரில் உரிமமும் வாங்கினார். தம்பிக்கு வந்தது தமக்கு வராதா என்ற வீம்பு. அந்த வீம்புக்கு அடியில் இன்னொன்று இருந்தது. பொகவந்தலாவைக்குப் பெண் பார்க்கப் போனது தம்பிக்குத்தான். மூத்தவன் நிற்கும்போது இளையவனுக்கு எப்படிச் செய்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அதே பெண்ணை, அதே முகூர்த்தத்தில், இவருக்குக் கட்டிவைத்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஆறு வருஷமாக அவள் என்ன நினைத்தாள் என்று அவருக்குத் தெரியாது.

அறைக்குள் யார் போனது என்று அன்றே அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அது ஒரு பேச்சாகிவிடும். பேச்சு சுவரைத் தாண்டும். முதலில் தெருவுக்குப் போகிற வழியை அடைத்துவிட வேண்டும், உள்ளே இருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

அடைப்பதற்கு, கேபிளையே சுருட்டிச் செய்யும் ஒரு பேலன் போதும். வீட்டுக்கு மேலே இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் அன்டெனா இரு கைகளையும் விரித்துக் கிடந்தது. கீழிருந்து ஏறும் கேபிளின் உள்கம்பி ஒரு கையோடும், அதை மூடிய வலைக்கம்பி மற்றக் கையோடும் சேரும் இடத்தில் சமநிலை கெட்டால், மின்சாரத்தில் ஒரு பங்கு கேபிளின் வெளித்தோல் வழியாகவே வீட்டுக்குள் இறங்கி, சுவரில் ஓடும் விளக்குக் கம்பியைப் பற்றிக்கொண்டு அடுத்தவன் ரேடியோவுக்குள் புகுந்துவிடும். அந்த இடத்தில் கேபிளை நெருக்கமாகச் சுருட்டித் தொங்கவிட்டால், தோலில் வருவது சுருளைத் தாண்ட முடியாமல் நின்றுபோகும்.

மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருபது சுற்றுச் சுற்றினார். பானையை உருவி எடுத்து, சுருளை ஐந்து இடங்களில் சணலால் இறுக்கினார். காப்பியோடு வந்த வடிவு பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“இது எதுக்குங்க?”

“வீட்டுச் சத்தம் தெருவுக்குப் போகாம இருக்க.”

“உள்ள இருக்கறது உள்ளயே இருக்குமா?”

“இருக்கும்.”

“நல்லதுதாங்க,” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள் கப்பியில் கயிறு தளர்த்தி அன்டெனாவை இறக்கி, ஈயம் வைத்து, மெழுகு பூசி, மறுபடி ஏற்றினார். தந்திச் சாவியைத் தட்டித் தட்டிச் சன்னல் வழியே பார்த்தார். செல்லசாமி கடைவாசலில் நின்று, பாட்டு சுத்தமாக வருகிறது என்பதற்கு அடையாளமாகத் துண்டை வீசிக் காட்டினான்.

தாம் செய்தது என்னவென்று அன்று சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அவர் இல்லாத நேரத்தில் அந்த அறை பேசினால், இனி அவரிடம் வந்து சொல்வதற்குத் தெருவில் ஒருவனும் இல்லை.

மூன்று நாள் அந்திக்கு வீட்டைவிட்டு நகரவில்லை. அறை சும்மா கிடந்தது. வடிவு இரண்டு முறை குழம்பை அடிபிடிக்க விட்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வெளிவேலை ஒன்றும் இல்லையா என்று மட்டும் கேட்டாள். நாலாம் நாள், ஹட்டனுக்குச் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம் ரயிலில் போய், அடுத்த வண்டியில் திரும்பினார்.

ஆறரை. தேயிலைச் சரிவிலிருந்து இறங்கிய பனிமூட்டம் பின்கட்டை முழுதாக மூடியிருந்தது. எங்கோ தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் வாளியில் விழும் ஓசைக்கு இடையே, அதைவிடச் சீராக, அதைவிட மெதுவாக, வேறொன்று விழுவதை அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். பித்தளைமேல் பித்தளை.

கதவிடுக்கில் வானொலிப் பெட்டி வால்வுகளின் சிவந்த வெளிச்சம். சுடும் தூசியின் வாடை. அதற்குள் ஈரக் கம்பளியின் வாடை, காய்ச்சல்காரன் வேர்வையின் வாடை.

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி அவர் இடுப்பில்.

வடிவு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து, கண்களை மூடித் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுப் பூ. உள்ளே தந்தி நிற்கும்போதெல்லாம் அவள் நகம் பலகையில் தட்டிப் பதில் சொன்னது. யார் கற்றுக்கொடுத்தது? எப்போது?

அவர் நின்று வாசித்தார். தம்பியின் கைதான். எழுத்துக்கு எழுத்து ஒட்டி, கடைசிக் கோட்டை மட்டும் இழுக்கும் கை. எட்டு. எட்டு. எண்பத்தெட்டு. நிலையக்காரர்கள் ஆண்களுக்கு எழுபத்துமூன்று சொல்லி விடைபெறுவார்கள். முத்தத்துக்கு எண்பத்தெட்டு.

பொறாமைதான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகு.

அவளைத் தாண்டிப் பூட்டைத் திறந்தார். மெயின் சுவிட்சை இழுத்தார். வால்வுகள் அணைந்தன. தந்திச் சாவி நிற்கவில்லை. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

நாற்காலியில் யாரும் இல்லை. நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்தவன் தலை இருக்கும் உயரத்தில், ஹெட்போன் நின்றது. ஒரு தலை அளவுக்கு விரிந்து.

“சின்னராசா,” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் தெரு கேட்கும்.

தந்தி நின்றது. ஹெட்போன் அவர் பக்கம் திரும்பவில்லை. வாசல் பக்கம் திரும்பியது.

“கொஞ்சம் வழி விடுங்க,” என்றாள் வடிவு.

அவர் விட்டார். அவள் உள்ளே வந்ததும், தெருவுக்குத் தெரியாமலிருக்க, அவர் கைகளே கதவைச் சாத்தின. எதிர்க்கடையில் பாட்டு ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. செல்லசாமி கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஒருமுறை கத்தினால் போதும். ஓடி வருவான். வந்தால் பார்ப்பான்.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்தாள். சாய்ந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தலை விழவில்லை.

ஹெட்போன் மெல்லக் குனிந்தது.

அவள் கன்னத்தில் கிடந்த முடிக்கற்றை தானாக எழுந்தது. காதுக்குப் பின்னால் போயிற்று. நிதானமாக. விரல் விரலாக.